படத்தில் ஆள் எதற்கு?

1

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்கு முன்னே எழுதிவிட வேண்டும். ஆறிய பிறகு எழுதினால் நானும் இந்த நாட்டுக்காரரைப் போல எல்லாவற்றுக்கும் ஒரு ‘பரவாயில்லை’ போட்டு முடித்துவிடுவேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிற உங்களில் சிலர், நியூசிலாந்தில் இருக்கிறவனுக்கு என்னடா கோபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இங்கே ஹெலிகொப்டர் வந்து சுடுவதில்லை. ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோவில், எங்கள் தெருவில் கேட்கிற பெரிய சத்தம் சனிக்கிழமை காலையில் புல்லு வெட்டுகிற மெஷின்தான். வீட்டு மோர்கேஜ் கட்டுகிறோம், பால் வாங்க மூலையில் இருக்கிற டெயரிக் கடைக்கு நடக்கிறோம், மழையைப் பற்றிக் கதைக்கிறோம். கோபப்படுவதற்கு ஒன்றும் இல்லாத ஊர். ஆனால் என் சிநேகிதன் தவராசாவைத் தூக்கி மேசையின் இடப்பக்கத்தில் ஒரு குவியலாகப் போட்டார்கள். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபரமாகச் சொல்கிறேன்.

நான் நில அளவையாளன். எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில் வேலை. எனக்குப் பக்கத்து மேசை கொலினுடையது. நல்ல மனிதன். நாங்கள் வந்த முதல் குளிருக்குள் எனக்குத் தன் பழைய மலையேறும் சப்பாத்தைத் தந்தவன். வீட்டு மரத்து எலுமிச்சம்பழத்தைப் பை பையாகக் கொண்டுவந்து தருபவன். அவன் ஒரு நடைச் சங்கத்தின் செயலாளர். ‘ட்ராம்பிங்’ என்பார்கள். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு காடு மலையெல்லாம் அலைந்து, சேற்றில் விழுந்து, நனைந்து, ஈயத்தட்டில் அவித்த பருப்பைச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு இங்கே ஆட்கள் சந்தா கட்டுகிறார்கள். எங்கள் ஊரில் மூட்டை சுமப்பவருக்கு நாங்கள் கூலி கொடுப்போம். நானும் சேர்ந்தேன். நடப்பது எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை.

குளிர்காலத்தில் மழை விடாது. அப்போது சங்கம் ஒரு மண்டபத்தில் கூடி, போய்வந்த இடங்களின் ஸ்லைட் படங்களைச் சுவரில் போட்டுப் பார்க்கும். இந்த வருஷம் கொலின் அமெரிக்காவுக்குப் போய்வந்திருந்தான். செம்மலைப் பாலைவனத்தில் ஆறு அறுத்துப் போட்ட மலைப்பிளவுகளுக்குள் நடந்து, பிறகு தெற்கே போய் ஆளரவம் இல்லாத கடற்கரைகளில் கூடாரம் அடித்திருந்தான். “இந்தமுறை எங்கள் மாலைக்குத் தலைப்பே பாலைவனப் பிளவுகளும் தனித்த கடற்கரைகளும்தான். வேறு யாரிடமாவது படங்கள் இருக்கிறதா?” என்று தேநீர் நேரத்தில் கேட்டான்.

“என்னிடம் இருக்கிறது” என்றேன். “ஓமானில் எடுத்தவை. பெட்டி நிறைய இருக்கிறது.”

கொலின் பிஸ்கற்றைத் தேநீருக்குள் தவறவிட்டான். “வேலைக்குப் போன இடத்திலா?”

“வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் நடந்தேன்.”

அவன் தலையை ஆட்டிய விதத்தில், எனக்கும் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருந்திருக்கலாம் என்பதை அவன் முதல் தடவையாக யோசிக்கிறான் என்று தெரிந்தது. முதல் பொறி அங்கேதான் விழுந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

2

தவராசாவை நாங்கள் தவம் என்று கூப்பிடுவோம். அவனும் நில அளவையாளன், வடமராட்சிக்காரன். இரண்டு பேரும் ஓமானில் ஒரு தெருப் போடுகிற கொம்பனியில் வேலை செய்தோம். என் மனைவி ராஜியும் மகள் சியாமளாவும் என்னோடு மஸ்கட்டில் இருந்தார்கள். தவம் தனி ஆள். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் சாப்பிடுவான். பிறகு நானும் அவனும் சாரதி சாலிமும் ஜீப்பில் வெளிக்கிடுவோம்.

சாலிம் மலைக் கிராமத்து ஆள். எந்தப் பிளவுக்குள் தண்ணீர் நிற்கிறது, எதற்குள் போனால் திரும்பி வரலாம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த மலைப்பிளவுகளை அங்கே ‘வாதி’ என்பார்கள். வாய் அகலமாக, வெறும் கல்லாக, பேரீச்சை நாலைந்து நிற்கிற ஆற்றுப் படுக்கையாகத் தொடங்கும். உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். கடைசியில் அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு சால்வை அகலம்தான் தெரியும். கீழே பச்சைத் தண்ணீர், பாலைவனத்துக்கு நடுவே, நெஞ்சளவு, கழுத்தளவு, சில இடத்தில் நீந்தித்தான் போக வேண்டும். ஒருநாள் தூரத்து மலைக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ தெரிகிறது என்று சாலிம் எங்களைக் கத்திக் கத்தி மேலே ஏற்றினான். எங்களுக்கு மேலே நல்ல வெயில். நாங்கள் அவனைப் பகிடி பண்ணிக்கொண்டு ஏறினோம். ஏறி மூச்சு வாங்கி முடிய முதல், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தை மண்ணிறத் தண்ணீர் இரைந்துகொண்டு வந்து கொண்டுபோனது. எங்கள் சோற்றுச் சட்டியும் போய்விட்டது.

கமெரா என்னுடையது. பிலிம் கொம்பனியினுடையது. வேலைப் பதிவுக்கு வாங்கின ஸ்லைட் பிலிம், திகதி முடிந்ததைக் களஞ்சியக்காரன் எங்களுக்குச் சும்மா தந்துவிடுவான்.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். இங்கே ஒருவருக்கும் விளங்காது. தவம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு ஸ்திரி போட்ட நீட்டுக்கைச் சட்டையை ஷொப்பிங் பைக்குள் மடித்துக் கொண்டுவருவான். நீந்த வேண்டிய இடத்தில் அந்தப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் நீந்துவான். நல்ல இடம் ஒன்று வந்ததும் ஒரு கல்லுக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றி, காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட் இறுக்கி, பையில் இருந்து சீப்பை எடுத்துத் தலை இழுத்துக்கொண்டு வருவான்.

“மச்சான், படம் எண்டால் படம் மாதிரி இருக்க வேணும்” என்பான். “எடுக்கிறதை வடிவா எடு. மலையும் வர வேணும், நானும் வர வேணும்.”

மலையும் வர வேண்டுமென்றால் நான் எவ்வளவு பின்னால் போக வேண்டும்! போவேன். தண்ணீருக்குள் இறங்கி நின்றுகூட எடுத்திருக்கிறேன். கல்லை மட்டும் எடுத்து என்ன செய்வது? வீட்டில் காட்டினால் முதல் கேள்வியே ‘நீ எங்கே நிற்கிறாய்?’ என்பதுதான். பிள்ளை மெலிந்துவிட்டானா, நல்ல சட்டை போட்டிருக்கிறானா, நிற்கிற இடம் பயமில்லாத இடமா என்று பார்ப்பதற்குத்தான் எங்கள் சனம் படம் பார்க்கிறது. தவத்துக்கு அப்போது வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சட்டைக்கு இன்னும் கொஞ்சம் ஸ்திரி கூடிப்போனது.

நீண்ட லீவு வந்தால் தெற்கே, கடலுக்குப் போவோம். ஒரு நாள் முழுக்க ஜீப் ஓட வேண்டிய தூரம். தெருவே கிடையாது. அந்தக் கரையில் மீனவர்கள் காலத்துக்குக் காலம் வந்து தங்குவார்கள். குவியல் குவியலாகச் சாளை மீனைக் கொட்டி மணலில் காய வைத்திருப்பார்கள். அந்த மணம் மூன்று நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. எங்களைக் கண்டதும் இருக்கச் சொல்லி முதலில் கோப்பி, பிறகு சுறா. நாங்கள் பதிலுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தோம். பால்மா ரின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, கேத்தில் வாயில் வைத்து அவித்த புட்டு. ஒரு கிழவர் அதை உருட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைசியில் சீனி கேட்டார்.

ஒரே ஒரு படத்தில்தான் தவம் சட்டை மாற்றாமல், தலை இழுக்காமல் நிற்கிறான். ஒரு வாதிக்குள் பாறையின் மேலிருந்து குளத்துக்குள் குதித்தான். வெளியே வந்து, நான் நிற்கிற இடத்துக்குக் கிட்ட வந்து, மூக்குக்குள் போன தண்ணீரைச் சீறிக்கொண்டு சிரித்தான். நான் சட்டென்று அமத்திவிட்டேன். “அதைக் கிழிச்செறி மச்சான், காட்டான் மாதிரி நிக்கிறன்” என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எறியவில்லை.

எண்பத்து மூன்றில் தவம் கலியாணப் பேச்சுக்காக லீவில் கொழும்புக்குப் போனான். அம்மாவும் அக்காவும் வெள்ளவத்தையில் இருந்தார்கள். ஆடி மாதக் கலவரத்தில் அந்த வீட்டை எரித்தார்கள். அவனைத் தெருவில் வைத்துக் கொன்றார்கள். அம்மாவும் அக்காவும் கப்பலில் யாழ்ப்பாணம் வந்தார்கள். இதை இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு எழுதிக் காட்டத் தேவையும் இல்லை.

அடுத்த வருஷம் எங்களுக்கு நியூசிலாந்து விசா கிடைத்தது. ஸ்லைட் பெட்டியும் எங்களோடு வந்தது.

3

கொலின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். மேசையில் லாம்பை வைத்து, ஒவ்வொரு ஸ்லைட்டாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். ராஜி தேநீரும் பட்டிசும் வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. கலியாண அல்பம் பார்க்கிற வீட்டுக்காரன் மாதிரிப் பக்கத்தில் நின்றேன்.

“அருமையான இடம்” என்றான். “ஆனால் இந்த ஆள் நிற்கிறாரே.” அந்த ஸ்லைட்டை இடப்பக்கம் வைத்தான்.

அடுத்தது. “ஆகா, என்ன பாறை! ச்சே, இதிலும் நிற்கிறார்.” இடப்பக்கம்.

அடுத்தது. “இதிலும்.”

கொஞ்ச நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவர் எல்லாவற்றிலும் நிற்கிறார்! சட்டையும் பெல்ட்டுமாக! அளவு காட்டுவதற்கு நிற்க வைத்தாயா?”

இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். எங்கள் தொழிலில் மலை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு கம்பையோ கூலியாளையோ நிற்க வைப்பது வழக்கம். தவத்தைக் கம்பு என்று நினைத்திருக்கிறான்.

“சிநேகிதன்” என்றேன்.

“ஓ” என்றான். “நல்லது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு இடம்தானே வேண்டும். ஆள் நின்றால் அந்தத் தனிமை கெட்டுப்போகும்.”

கடைசியில் வலப்பக்கத்தில் எட்டோ ஒன்பதோ மிஞ்சியது. அவற்றைப் பார்த்த எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவ்வளவும் பிழையாக விழுந்த படங்கள்! ஒன்று, பிலிம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க அமத்தியது. மற்றொன்று, தவம் கல்லுக்குப் பின்னால் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது கைபட்டது. இன்னும் இரண்டு, சுருள் முடியட்டும் என்று சும்மா தட்டியவை. எங்கள் பிழையையெல்லாம் பொறுக்கி எடுத்து, இதுதான் படம் என்றான்.

அதிலும் அவனுக்கு மிகவும் பிடித்தது ஒரு கடற்கரை. வெள்ளை மணல், நீலக் கடல். “ஒரு ஈ காக்கை இல்லை” என்று மூச்சை இழுத்தான். “மனிதக் கால் படாத கரை.”

அந்தப் படத்தை எடுத்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கிராமமே மீன் வெட்டிக்கொண்டிருந்தது. தவம் அவர்களோடு சப்பாணி கட்டியிருந்து சுறா தின்றுகொண்டிருந்தான். அதனால்தான் படத்தில் இல்லை. சொன்னேன். கொலின் கேட்டுக்கொண்டான், ஆனால் ஸ்லைட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

சியாமளா குளிர்பானத்தோடு அந்தப் பக்கமாக வந்தாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எட்டிப் பார்த்துவிட்டு, “ஹீஸ் ரைட், அப்பா. ஜஸ்ட் த சீனரி” என்றாள்.

“தவம் மாமாவை ஞாபகம் இல்லையோ பிள்ளை? உன்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சவர்.”

“நொட் ரியலி” என்றாள். போய்விட்டாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. தோளில் இருந்த பிள்ளைக்குத் தூக்கினவனுடைய தலைமயிர்தான் தெரிந்திருக்கும்.

கொலின் போனபிறகு ராஜி அந்த இடப்பக்கக் குவியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். “ஆளில்லாமல் படம் எடுக்கிற சனம், வீட்டிலையும் ஒருத்தரையும் வைச்சிருக்க மாட்டுதுகள்” என்றாள். அது நியாயமில்லைத்தான். ஆனால் அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

4

நான் இதை விழுங்கிக்கொண்டு அந்த எட்டோ ஒன்பதையே காட்டியிருப்பேன். அப்படித்தான் இங்கே எத்தனையையோ விழுங்கியிருக்கிறோம். ஆனால் அந்தக் கிழமையே தவத்தின் அக்காவிடம் இருந்து கடிதம் வந்தது. நல்லூரடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து அம்மாவோடு இருக்கிறா. யாரிடமோ விலாசம் எடுத்து எழுதியிருந்தா.

“தம்பி, ஆடியிலை திவசம் வருகுது. வீடு எரிஞ்சதோடை அவன்ரை படம் எல்லாம் போச்சுது. பாஸ்போட்டும் போச்சுது. அம்மா ஒவ்வொரு வருஷமும் வெறும் சுவருக்கு விளக்கு வைக்கிறா. நீங்கள் படம் எடுத்தனீங்கள் எண்டு அவன் சொல்லுறவன். முகம் தெரியிற மாதிரி ஒண்டு இருந்தால் அனுப்புங்கோ” என்று இருந்தது.

அவர்களிடம் படம் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாசித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். இப்போது நானே லாம்புக்கு முன்னால். அதோ மலை, மலையடியில் தவம். அதோ பேரீச்சை, பேரீச்சைக்குக் கீழே தவம். சட்டை தெரிகிறது, பெல்ட் தெரிகிறது, இடுப்பில் வைத்த கை தெரிகிறது. முகம் ஒரு மிளகளவு. மலையும் வர வேண்டும் என்று அவன்தானே என்னைப் பின்னால் போகச் சொன்னான்! கொலினுக்குப் பெரிதாகத் தெரிந்து கண்ணைக் குத்தியவன், அம்மாவுக்கு வேண்டிய நேரம் இத்தனை சிறிதாக நிற்கிறான்.

கிட்ட நிற்கிறது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குளித்த படம். அதிலும் இடுப்பு வரைக்கும்தான், பின்னால் பெரிய பாறை.

டொமினியன் ரோட்டில் ஒரு படக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் ஸ்லைட்டைப் பிடித்துப் பார்த்தான்.

“முழுப் படமாக அடித்துத் தரலாம். அழகான பாறை.”

“பாறை வேண்டாம். முகம் மட்டும் பெரிதாக வேண்டும்.”

“மெஷின் முழுப் படத்தைத்தான் அடிக்கும். துண்டாக வேண்டுமென்றால் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். வாரக்கணக்காகும். அப்போதும் முகம் தெளிவாக வரும் என்று சொல்லமாட்டேன்.”

“ஆடி மாதத்துக்கு முன் வேண்டும்” என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஜூலை என்றேன், ஊருக்குத் தபால் போய்ச் சேர எடுக்கிற காலம் என்றேன், அம்மா என்றேன். அவன் மரியாதையாகக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, “இந்தப் பாறையைப் பெரிய போஸ்டராக அடித்தால் சுவருக்கு நன்றாக இருக்கும்” என்றான். சத்தியமாகச் சொன்னான்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் மழைக்குள் நின்றேன். இந்த நாட்டில் கல்லுக்கு இருக்கிற மதிப்பு என் சிநேகிதனுக்கு இல்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சங்கத்துக்குக் கொடுக்க வைத்திருந்த ஸ்லைட் தட்டில் இருந்து அந்த ஆளில்லாத படங்களைக் கழற்றினேன். தவம் நிற்கிற படங்களை ஏற்றினேன். ஒன்றும் மிச்சம் விடவில்லை.

5

மண்டபத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளிச் சட்டை மணம். ராஜி ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தாள். சியாமளா கடைசி வரிசையில், எங்களைத் தெரியாத பிள்ளை போல இருந்தாள்.

முதலில் கொலின் காட்டினான். சிவப்பு மலை, செம்மஞ்சள் மலை, ஊதா மலை, நீலக்கடல். அழகுதான். ஆனால் அத்தனை நேரமும் ஒரு மனிதர் இல்லை. அவனுடைய மனைவியும் கூடப் போனவள். அவளையும் காணவில்லை. ராஜி என் காதுக்குள், “அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவரோ, விட்டிட்டுப் போனவரோ?” என்றாள்.

பிறகு என் முறை. விளக்கை அணைத்தார்கள். முதல் ஸ்லைட் விழுந்தது. வாதி, அதன் நடுவே தவம், நீட்டுக்கைச் சட்டை, பெல்ட், வாரிய தலை. மண்டபத்தில் ஒரு சிறு சிரிப்பு. கொலின் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இரண்டாவது ஸ்லைட். தவம். சிரிப்பு பெருத்தது. மூன்றாவது. பின்னால் இருந்து ஒரு வயதான உறுப்பினர் நல்ல உற்சாகத்தோடு, “உன் வழிகாட்டியைக் கொஞ்சம் விலகச் சொல்லப்பா, எங்களுக்கு மலை தெரியவில்லை!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கோபம் வந்தால் என்னை விட்டு முதலில் போவது ஆங்கிலம். கந்தோரில் நாள் முழுக்கப் பேசுகிற ஆங்கிலம், ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விட்டது.

அப்போது ராஜி எழுந்தாள். ரோல்ஸ் தட்டு கையில். “நோ கைட்!” என்றாள். என் மனைவி இவ்வளவு சத்தமாக ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. “தட் இஸ் தவம்! சர்வேயர்! எவ்ரி ப்ரைடே ஹீ ஈட் இன் மை ஹவுஸ்!”

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு பெண், உண்மையாகவே அறிய விரும்பி, “இப்போது அவர் எங்கே இருக்கிறார்?” என்று கேட்டாள்.

சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் சொன்னேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயங்கரம். உங்கள் குடும்பம் பத்திரமாக இருக்கிறதா? வேண்டுமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்” என்றாள்.

நிறுத்துவதா! எனக்கு இரண்டாம் தடவை பற்றிக்கொண்டது. முதலில் படத்தைக் கெடுக்கிறான் என்று அவனைத் தள்ளினார்கள். இப்போது செத்துவிட்டான் என்றதும் அவன் சாவைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள். அவன் செத்தது ஒரு நாள். அதற்கு முதல் முப்பத்தொரு வருஷம் இருந்தான், சட்டை போட்டான், நீந்தினான், சுறா தின்றான். அதைச் சொல்லத்தானே வந்தேன்?

நான் நிறுத்தவில்லை. ஆங்கிலமும் திரும்பி வந்தது. ஷொப்பிங் பையைத் தலையில் வைத்து நீந்தியதைச் சொன்னேன். தண்ணீர் வந்து சோற்றுச் சட்டியைக் கொண்டுபோனதைச் சொன்னேன். கிழவர் புட்டுக்குச் சீனி கேட்டதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தவர்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் தேவாலயத்தில் இருப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களை உலுக்க வேண்டும் போல இருந்தது.

கடைசி ஸ்லைட், அந்தக் குளித்த படம். தவம் சுவரில் பெரிதாக வந்தான். ஈரத் தலை, சுருங்கிய மூக்கு, அத்தனை பல்லும். இவ்வளவு பெரிதாக நான் அவனை ஒருநாளும் பார்த்ததில்லை.

இருட்டில் இருந்து கொலினின் குரல் வந்தது. “அந்தக் குளம் எவ்வளவு ஆழம்?”

அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

“அடி தெரியவில்லை” என்றேன். “அவனும் தேடிப் பார்த்தான். குதித்த பிறகு.”

கொலின் சிரித்தான். பிறகு இன்னும் இரண்டொருவர்.

6

தேநீர் நேரத்தில் அவன் என்னை மூலைக்குக் கூப்பிட்டான். “நாம் தெரிந்தெடுத்தவை வேறு அல்லவா? ஏன் மாற்றினாய்?”

எனக்குள் இருந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பு என்று நினைத்தாயே என்றேன். கால் படாத கரை என்றாயே என்றேன். அவனுடைய அம்மா வெறும் சுவருக்கு விளக்கு வைக்கிறா, உங்கள் ஊர்க் கடைக்காரன் பாறையைப் போஸ்டராக அடிக்கட்டுமா என்று கேட்கிறான் என்றேன். படக்கடைக்காரன் செய்ததற்கும் கொலினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கோபத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

கொலின் மன்னிப்புக் கேட்கவில்லை. இவர்களில் நல்லவர்களுக்கு வாயால் அது வராது. “முகம்தானே வேண்டும்?” என்றான். காருக்குப் போய் முக்காலியும் கமெராவும் கடதாசியில் படம் வருகிற பிலிம் ஒன்றும் கொண்டுவந்தான்.

ஆட்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் புரொஜெக்டரைத் தள்ளித் தள்ளி மண்டபத்தின் பின்சுவர் வரைக்கும் கொண்டுபோனான். தவம் வளர்ந்துகொண்டே போனான். தோள் சுவரை விட்டு வெளியே போனது, பாறை வெளியே போனது. கொலின் சுவரில் தெரிந்த முகத்தைப் படம் எடுக்கக் கமெராவுக்குள் கண்ணை வைத்து முக்காலியை இப்படி நகர்த்தினான், அப்படி நகர்த்தினான்.

“இன்னும் கொஞ்சம் பாறை நிற்கிறது” என்று முணுமுணுத்தான். “பொறு, அதையும் வெளியே தள்ளிவிடுகிறேன்.”

அதே மனிதன்தான்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவனுக்குக் காட்டவில்லை. ராஜி மிச்ச ரோல்ஸ் எல்லாவற்றையும் கடதாசியில் சுற்றி அவன் பைக்குள் வைத்தாள்.

காரில் வரும்போது சியாமளா பின்னாலிருந்து, “டிட் ஹீ ரியலி ஜம்ப், அப்பா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டாள். சொன்னேன்.

படம் மஞ்சளடித்துத்தான் வந்தது. விளிம்பு கலங்கல். ஆனால் தவம்தான், வேறு ஒருவரும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் கந்தோரில் இருந்த பெண், உள்ளே என்ன, பெறுமதி என்ன என்று கேட்டாள். படம் என்றேன். பெறுமதிக்கு அவளே ஏதோ ஒன்று போட்டுக்கொண்டாள்.

திவசத்துக்கு முதல்நாள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தக் கிழமைதான் அக்காவின் பதில் வந்தது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொலினில் எனக்குக் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது, சங்கத்தில் நிறைய. அந்த ஆளில்லாத கடற்கரையைச் சங்கத்துச் சுவரில் மாட்டத் தருகிறாயா என்று அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தருவதானால் அந்த மீனவர்கள் நிற்கிற படத்தைத்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வார்களாம்.

அக்கா எழுதியிருக்கிறா: “படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரிலை கொழுவியாச்சு. ஐயர் வந்து, பொட்டு வைச்சு மாலை போடுங்கோ எண்டவர். அம்மா விடேல்லை. சிரிச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளைக்கு மாலை போடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. படையல் எல்லாம் படத்துக்கு முன்னாலைதான் வைச்சது. வாற போற சனம் ஆர் எண்டு கேட்டால், ‘என்ரை மோன். இப்பத்தான் குளிச்சிட்டு வந்து நிக்கிறான், தலை இழுக்கேல்லை’ எண்டு சொல்லுறா.”